திம்பம் வளைவில் பின்சக்கரம் வழுக்கினால்

வணக்கமுங்க. மழையில் திம்பம் மலைப்பாதை ஏறும்போது காரின் பின்சக்கரம் வழுக்குகிறது, 17 அங்குல வீலை மாற்றி 19 போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. பிடிமானம் ரப்பரில்தான் இருக்கிறது. பெரிய வீல் பெரும்பாலும் எடையைக் கூட்டும், பள்ளத்தில் ரிம்மும் அடிபடும்.

முதலில் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள 4 இலக்கத்தைப் பாருங்கள். 1418 என்றால் 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் தயாரானது. அவ்வளவு பழசென்றால் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) மிச்சம் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், பதியாது.

புது டயரில் டிராக்‌ஷன் 'ஏஏ' என்று இருக்கட்டும், அது ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் திறனுக்கான தரம். ட்ரெட்வேர், அதாவது தேய்மானம் தாங்கும் அளவைக் காட்டும் எண், 300 பக்கம் போதும். கோவை செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்கென்று 200 வாங்கினால், பட்டன் ஆழம் குறைந்த அந்த டயர் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு மழைக்கு ஆகாதுங்க. நான்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.