சின்ன டிராக்டருக்குக் கலப்பை: புதிதா, பழையதா?

கேள்வி: எங்களுக்கு நாலரை ஏக்கர். செம்மண், அங்கங்கே ஓடைக்கல் கிடக்கும். இரண்டு ஏக்கரில் தென்னை, மிச்சத்தில் மஞ்சளும் சோளமும். இரண்டு மாதத்துக்கு முன் 24 எச்.பி. மினி டிராக்டர் வாங்கினோம். கலப்பைக்குத்தான் இன்னும் முடிவெடுக்கவில்லை. டவுன் கடையில் புது ஐந்து கொத்துக் கலப்பை, அதாவது மண்ணைக் கிளறும் ஐந்து கால் உள்ளது, ஸ்பிரிங் வைத்தது, 23,000 ரூபாய் சொல்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன்னுடைய ஒன்பது கொத்துக் கலப்பையை 13,000-க்குத் தருவதாகச் சொல்கிறார். "நாலு கொத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டு, பின்னால் பெரிய டிராக்டர் வாங்கினால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்" என்கிறார். 10,000 ரூபாய் மிச்சமாகிறதே என்று மனசு அங்கேதான் போகிறது. எதை வாங்கலாம்? (கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி)

பதில்: அந்த ஒன்பது கொத்து உங்களுக்கு வேண்டாம். பழையது என்பதால் சொல்லவில்லை, அது உங்கள் டிராக்டருக்கு உண்டான கலப்பை இல்லை. புதிதாகவே இருந்தாலும், பாதி விலைக்கே கொடுத்தாலும் இதைத்தான் சொல்வேன்.

எனக்கே பட்ட அனுபவம் இது. சில வருடங்களுக்கு முன் ஒரு தரகர் பேச்சைக் கேட்டு, பெரிய டிராக்டரில் ஓடிய ஒரு கலப்பையை எங்கள் சின்ன டிராக்டருக்கு வாங்கினேன். சமமான காட்டில் ஏதோ ஓடியது. வரப்பு ஏறும்போது கலப்பையைத் தூக்கினேன், முன் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பவில்லை. கிளட்சை மிதித்து, கலப்பையை அப்படியே இறக்கியதால் தப்பித்தேன். டிராக்டர் பின்பக்கமாகப் புரண்டால் ஓட்டுகிறவருக்குக் குதிக்க நேரம் இருக்காது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் கையேட்டில் தூக்கும் திறன் 700, 750 கிலோ என்று போட்டிருக்கும். கலப்பை 200 கிலோவோ கொஞ்சம் கூடவோதானே, தூக்காதா என்று தோன்றும். தூக்கும். ஆனால் அந்தக் கணக்கு, டிராக்டரின் பின்னால் கலப்பையைப் பிடிக்கும் கீழ் லிங்க்கின் நுனியில் தொங்கும் எடைக்கு. கலப்பையின் எடை அதற்கும் பின்னால் தள்ளி நிற்கிறது. பின்னால் போகப்போக முன்பக்கம் லேசாகிக்கொண்டே வரும். மினி டிராக்டருக்கு முன்பக்க எடையே குறைவு.

நாலு கொத்தைக் கழற்றினால் இழுவை குறையும், அது உண்மைதான். ஆனால் சட்டம் அதே சட்டம். எடையில் பெரும்பகுதி அப்படியேதான் இருக்கும், அகலமும் குறையாது. ஒன்பது கொத்துச் சட்டம் ஆறேழு அடி அகலம் வரும், உங்கள் டிராக்டர் நாலு அடியை ஒட்டித்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டிருப்பதை வைத்துக்கொண்டு தென்னைக்குள் எப்படித் திரும்புவீர்கள்? ஒரு மரத்தில் இடித்தால் மரத்துக்கும் காயம், லிங்க்குக்கும் கேடு.

அடுத்தது, கலப்பையை லிங்க்கில் மாட்டும் பின் (pin). சின்ன டிராக்டரின் கீழ் லிங்க் உருண்டையில் 22 மி.மீ. பின்தான் போகும், டாப் லிங்க்கில் 19 மி.மீ. இதைக் கேட்டகரி 1 என்பார்கள். பெரிய வண்டிக்கான கேட்டகரி 2 கலப்பையில் கீழே 28, மேலே 25 மி.மீ. பின் இருக்கும், இரண்டு கீழ்ப் பின்களுக்கும் நடுவில் உள்ள அகலமும் கூடுதல். பட்டறையில் பின்னை வெட்டி வேறு வைத்துத் தருவார்கள். அந்த வெல்டிங் செலவையும், நாளைக்கு அது உழவு நடுவில் விட்டுப்போனால் வரும் செலவையும் உங்கள் 10,000 மிச்சத்திலிருந்து கழித்துப் பாருங்கள்.

சரி, அப்படியானால் புதுசுதான் வாங்க வேண்டுமா? அதுவும் இல்லை. பழைய ஐந்து கொத்துக் கலப்பை நல்லதாகக் கிடைத்தால் தைரியமாக வாங்கலாம். கலப்பையில் இன்ஜின் கிடையாது, கியர் கிடையாது. தேய்கிற சாமான் கொழு, துளைக்குள் இருக்கும் புஷ் வளையம், போல்ட், ஸ்பிரிங் இவ்வளவுதான், எல்லாம் கடையில் கிடைக்கிறவை. சட்டமும் கால்களும் லிங்க் மாட்டும் இடமும் கெடாமல் இருந்தால் பத்து வருடம் ஓடிய கலப்பையும் நல்ல கலப்பைதான். இந்த மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலும் வேண்டாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

பழையதைப் பார்க்கப் போகும்போது ஒரு சணல் கயிறு, அளவு டேப், சின்னச் சுத்தியல் மூன்றையும் எடுத்துப் போங்கள். கலப்பை டிராக்டரில் மாட்டியே இருந்தால் கழற்றி, சமதரையில் வைக்கச் சொல்லுங்கள். நின்றுகொண்டு பார்த்தால் எல்லாக் கலப்பையும் நன்றாகத்தான் தெரியும், உட்கார்ந்து பார்க்க வேண்டும். பின்வரிசைக் கால்களின் நுனியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கயிற்றை இழுத்துப் பிடியுங்கள். ஒரு கால் மட்டும் கயிற்றை விட்டு விலகி நின்றால் அது வளைந்திருக்கிறது, அல்லது சட்டமே கோணியிருக்கிறது. எது என்று தெரிந்துகொள்ள, சட்டத்தின் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் சட்டம் கோணவில்லை. வளைந்த ஒரு காலை மாற்றிவிடலாம். கோணின சட்டத்தை நிமிர்த்தினாலும் அது பழைய இடத்துக்கே போகும்.

பிறகு ஒவ்வொரு காலின் நுனியையும் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கொஞ்சம் அசைந்தால் புஷ் மாற்றினால் போதும். லொடலொடவென்று ஆடினால் புஷ் போன பிறகும் ஓட்டி, துளையையே தேய்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். கீழ்ப் பின் நிற்கும் துளையையும் டாப் லிங்க் துளையையும் விரல் விட்டுத் தடவுங்கள், முட்டை வடிவமாகிவிட்டதா என்று விரலுக்குத் தெரியும். ஸ்பிரிங்குகளில் சுருளுக்குச் சுருள் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கலப்பை முழுக்கப் புதுப் பெயிண்ட் மின்னினால் நான் சந்தேகப்படுவேன். மண்ணில் ஓடுகிற சாமானுக்கு யாரும் ஆசைக்குப் பெயிண்ட் அடிப்பதில்லை. மூலைகளில் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று கேட்டால், அந்த இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விரிசல் விட்டு ஒட்ட வைத்த வெல்டிங் அங்கே இருக்கலாம். சுரண்ட விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

கொழு தேய்ந்திருப்பதற்காக எந்தக் கலப்பையையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கொத்துக் கலப்பைக் கொழுவில் பெரும்பாலானவை இரண்டு முனையும் வெட்டுகிற மாதிரிதான் வரும், ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பி மாட்டலாம். இரண்டு பக்கமும் மொட்டையாகி, போல்ட் தலையும் தேய்ந்திருந்தால் ஐந்து கொழுவுக்கும் போல்ட்டுக்கும் கடையில் விலை கேட்டு வந்துவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள். மொட்டைக் கொழு மண்ணுக்குள் இறங்காது, மேலேயே வழுக்கும். டீசல்தான் செலவாகும்.

இப்போது புதுசுக்கு வருகிறேன். நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று இருக்கிறது. நாலரை ஏக்கர் என்றால் நீங்கள் சிறு விவசாயி, 5 ஏக்கர் வரை அந்தக் கணக்கில் வரும். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு இருக்கிறது, அங்கீகரித்த மாடலாகவும் இருக்க வேண்டும். பாதி கிடைத்தால் 23,000 ரூபாய்க் கலப்பைக்கு உங்கள் கையிலிருந்து போவது 11,500. பக்கத்துத் தோட்டத்துப் பழைய கலப்பையை விடக் குறைவு! பழைய கலப்பைக்கு மானியம் கிடையாது.

தாசில்தாரிடம் சிறு விவசாயி சான்று வாங்கிக்கொண்டு, உழவன் செயலியில் பதியுங்கள், அல்லது வேளாண் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்துக்கு நேரில் போங்கள். கடையில் கேட்கும் அதே மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கேயே கேளுங்கள். ஒரு விஷயம் முக்கியம்: அனுமதி வருவதற்கு முன் பணம் கட்டி வாங்கிவிடாதீர்கள். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியத்துக்கு ஓடி, ஏமாந்து நின்றவர்கள் நிறையப் பேர்.

நிதி வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அதுதான் இதில் உள்ள சிரமம். மஞ்சளுக்கு நிலம் தயார் செய்யும் நேரம் நெருங்கிவிட்டால், அந்த ஓர் உழவை வாடகைக்கு அடித்துவிடுங்கள். அவசரத்தில் பொருந்தாத கலப்பை வாங்குவதை விட அது மலிவு.

கடைக்காரர் சொன்ன 23,000 வரி சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். உழவுக் கருவிகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பழைய வரியைப் போட்டு விலை சொன்னால் விடாதீர்கள். வாங்கும் முன் பின்சக்கரங்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்து போங்கள். கலப்பை அந்த அகலத்தை மூட வேண்டும், இல்லாவிட்டால் டயர் அமுக்கிய தடம் உழாமல் கிடக்கும். ஓடைக்கல் இருக்கிற உங்கள் காட்டுக்கு ஸ்பிரிங் கலப்பைதான் சரி, அதில் நீங்கள் யோசித்தது நல்ல யோசனை.

கேள்வி: புது ஸ்பிரிங் கலப்பை வாங்கி 20 நாள்தான் ஆகிறது. இரண்டு கால் வளைந்துவிட்டது. "கல்லில் அடித்திருக்கிறீர்கள், நாங்கள் பொறுப்பில்லை" என்கிறது கடை. பில் கேட்டதற்கு வெறும் துண்டுச் சீட்டுதான் கொடுத்தார்கள். என்ன செய்யலாம்? (மணப்பாறையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கல்லில் அடிபடும் என்பதற்காகத்தானே அம்மா ஸ்பிரிங் வைக்கிறார்கள். கல் தட்டினால் ஸ்பிரிங் இழுபட்டு, கால் பின்னால் மடங்கி, கல்லைத் தாண்டியதும் திரும்ப வர வேண்டும். ஸ்பிரிங் அசையாமல் கால் வளைந்தது என்றால் ஒன்று ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் முறுக்கியிருக்கிறார்கள், இல்லையென்றால் காலின் இரும்பு சரியில்லை. முறுக்கியது கடையிலா உங்கள் வீட்டிலா என்பதுதான் கேள்வி. நீங்கள் கை வைக்கவில்லை என்றால் அதையே எழுத்தில் கேளுங்கள். வளைந்த கால்களை நிமிர்த்தவோ மாற்றவோ செய்யாமல் அப்படியே வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இன்றே ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, அந்தத் துண்டுச் சீட்டின் நகலை இணையுங்கள். ஜிபே மாதிரி எதிலாவது பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சிதான்.

"விவசாயத்துக்கு வாங்கியது வியாபாரம், நீங்கள் நுகர்வோர் இல்லை" என்று யாராவது சொன்னால் பயப்பட வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைக்க மட்டுமே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் பார்ப்பதில்லை. முதலில் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். அதில் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: என்னிடம் 27 எச்.பி. வண்டி. பழைய இரண்டு சட்டிக் கலப்பை (வட்டத் தகடு வைத்தது) மலிவாக வருகிறது, கோடை உழவுக்கு வாங்கலாமா? பழைய ரோட்டவேட்டர் எப்படி?

பதில்: இரண்டு சட்டி இழுக்க 35 எச்.பி.யாவது வேண்டும், உங்கள் வண்டி மூச்சு வாங்கும். வருடத்துக்கு ஒருமுறை அடிக்கும் கோடை உழவுக்குப் பெரிய வண்டியை வாடகைக்குக் கூப்பிடுங்கள். ரோட்டவேட்டர் விஷயத்தில் நான் கலப்பைக்குச் சொன்னதை அப்படியே சொல்ல மாட்டேன். அதில் கியர் பெட்டி, பேரிங், ஆயில் சீல், டிராக்டரிலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் பி.டி.ஓ. ஷாஃப்ட் எல்லாம் இருக்கிறது, உள்ளே என்ன தேய்ந்திருக்கிறது என்று வெளியே நின்று தெரியாது. உங்கள் டிராக்டரிலேயே மாட்டி, உங்கள் காட்டிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஓட்டி முடித்ததும் கியர் பெட்டியின் அருகே கையை வைத்துப் பாருங்கள். கையை வைக்க முடியாத சூடோ, சீல் ஓரத்தில் எண்ணெய்க் கசிவோ இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.