மக்கள்தொகை குறைந்த ஸ்வீடன் 17ஆம் நூற்றாண்டில் எப்படி வல்லரசாயிற்று?

ஃபாலுன் சுரங்கத்தின் செம்பு, 1631ஆம் ஆண்டு பேர்வால்டே உடன்படிக்கையின்படி பிரான்ஸ் ஆண்டுதோறும் தர ஒப்புக்கொண்ட பணம், மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் போர்த்திறன் ஆகியவையே இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள். இவை உண்மைதான். ஆனால் ஃபின்லாந்தையும் சேர்த்து 15 லட்சம் பேர்கூட இல்லாத ஒரு நாட்டால் போலந்திலும் ஜெர்மனியிலும் பல்லாண்டுகள் போரிட முடிந்ததற்கு, அதன் கட்டாய ஆள்சேர்ப்பு முறையையே முதற்காரணமாக நான் கருதுகிறேன்.

1527இல் தொடங்கிய மதச் சீர்திருத்தத்தால் திருச்சபை மன்னரின் கைக்குள் வந்தது. அதன் பிறகு, எந்த ஊரில் யார் இருக்கிறார் என்பதை அறிந்திருந்த போதகரே, 15 வயதைக் கடந்த ஆண்களின் பட்டியலை அரசுக்குத் தயாரித்துக் கொடுத்தார். அப்பட்டியலிலிருந்து பொதுவாகப் பத்துப் பேருக்கு ஒருவர் படைக்கு எடுக்கப்பட்டார். ஸ்வீடனின் உழவர்கள் பண்ணையடிமைகள் அல்லர். நாடாளுமன்றத்தில் அவர்களுக்கெனத் தனி அவையே இருந்தது. அவர்களுடைய ஒப்புதலைப் பெற்றே அவர்களுடைய பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டார்கள் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

வடக்கே பொத்னியா வளைகுடாவை ஒட்டிய பிக்டேயோ என்னும் பங்கின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப் பகுதியின்) பதிவேடுகள் அழியாமல் கிடைத்திருக்கின்றன. 1621 முதல் 1639 வரை அங்கிருந்து 230 பேர் படைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் 215 பேர் இறந்தனர்; ஐந்து பேர் ஊனமுற்று ஊர் திரும்பினர்; எஞ்சிய பத்துப் பேர் 1639இல் இன்னும் படையில் இருந்தனர். பெரும்பாலானோரைக் கொன்றது போர்க்களமன்று, காவல் முகாம்களில் பரவிய நோய். வளர்ந்த ஆண்கள் குறையக் குறைய, 15 வயதுச் சிறுவர்களும் படைக்கு எடுக்கப்பட்டனர். நிலத்தையும் குடும்பத்தையும் பெண்களே தனியாகத் தாங்க வேண்டியதாயிற்று. மன்னர் 1632இல் லூட்சென் களத்தில் வீழ்ந்ததைப் பேசும் நூல்கள் இந்த ஊரையும் அதே அளவு பேச வேண்டும்.

1680களில் பதினொன்றாம் சார்லஸ் இம்முறையை மாற்றி, சில பண்ணைகள் சேர்ந்து ஒரு வீரனுக்குக் குடிசையும் சிறு நிலமும் கொடுத்துப் பேணும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அவ்வாறு கட்டமைக்கப்பட்ட படையின் பெரும்பகுதியை அவர் மகன் பன்னிரண்டாம் சார்லஸ் 1709இல் உக்ரைனின் பொல்தாவாவில் ரஷ்யாவுடன் நடந்த போரில் இழந்தார். 1721இல் நிஸ்தாத் உடன்படிக்கையின் வழியே பால்டிக் கடலோரப் பகுதிகளான லிவோனியா, எஸ்தோனியா, இங்கிரியா ஆகியவை ரஷ்யாவிடம் சென்றன.