களிமண் ஊரில் விஷ்ணுகிராந்தி: கேள்வி பதில்

கேள்வி (மன்னார்குடி): ஐயா, கொல்லையில் வைத்த விஷ்ணுகிராந்தி மஞ்சளாகி, அடித்தண்டு கருத்துச் செத்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றினேனே?

பதில்: தினமும் ஊற்றியதுதான் காரணம். பொட்டலிலும் சரளை மேட்டிலும் தானாக முளைக்கிற செடி இது. நம் வண்டல் களியில் தண்ணீர் தேங்கினால் வேருக்குக் காற்று போகாது; அழுகல் அடித்தண்டுக்கு ஏறிவிடும். களியில் ஒரு கூடை மணலைக் கொட்டிக் கிளறிப் பயனில்லை, காய்ந்ததும் இன்னும் இறுகும். களிக்கு மேலேயே ஓரடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடுங்கள்: செம்மண் 2 பங்கு, மணல் 2 பங்கு, மட்கிய இலையுரம் அரைப் பங்கு. தஞ்சாவூருக்கு மேற்கே வல்லம் பக்கத்துச் செம்மண் அருமையாகப் பொருந்தும். எம்-சாண்ட் (கருங்கல்லை உடைத்து அரைத்த மணல்) என்றால் சலித்துக் கழுவிப் போடுங்கள், அதிலுள்ள மாவு மண்ணின் இடுக்கை அடைத்துவிடும். செடி வேர் பிடித்தபின், இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பார்த்து ஈரம் ஒட்டாத அன்று மட்டும் தண்ணீர்.

கேள்வி (கும்பகோணம்): விதை முளைக்கவே இல்லை, சார்.

பதில்: விதைத்தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது. மணல்தாளில் லேசாக இரண்டு மூன்று தேய்ப்பு தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவையுங்கள். காலையில் உப்பியவற்றை மட்டும் மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். உப்பாததைத் திரும்பத் தேய்க்க வேண்டியதுதான். தை, மாசியில் போடுங்கள். ஐப்பசி அடைமழைக்கு இளநாற்று தாங்காது. நாலு இலை விட்டதும் வேர்மண் உதிராமல் மாற்றி நடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): நர்சரியில் வாங்கியதில் பூ ஒரு ரூபாய்க் காசு அளவு இருக்கிறதே?

பதில்: அது பிரேசில் பக்கத்து எவால்வுலஸ் குளோமெரேட்டஸ். நம் விஷ்ணுகிராந்தியின் தாவரப் பெயர் எவால்வுலஸ் அல்சினாய்டஸ். பூ அரை அங்குலம்கூட வராது. கம்பி போன்ற மெல்லிய தண்டு தரையோடு படரும், இலையிலும் தண்டிலும் பட்டுமுடி படிந்திருக்கும். நர்சரிச் செடி அழகுக்கு இருக்கட்டும், மூலிகை என்று கஷாயத்தில் போடாதீர்கள்.

கேள்வி (திருவாரூர்): மதியத்துக்கு மேல் பூவையே காணோம். செடிக்கு நோயா?

பதில்: இல்லை. காலையில் விரிந்து பிற்பகலில் மூடுவது அதன் இயல்பு. காலையிலும் பூ இல்லாமல் தழை மட்டும் மதமதவென்று வந்தால் உரத்தை நிறுத்திவிட்டு, ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தில் வையுங்கள்.

கேள்வி (வேதாரண்யம்): எங்கள் மண் மணல்தான். ஆனால் போர் தண்ணீர் உப்பு, இலை நுனி கருகுகிறது.

பதில்: மண் உங்களுக்குச் சாதகம், தண்ணீர்தான் பாதகம். மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மழைநீரைப் பிடித்துவைத்து, அடித்துளையில் வழியும்வரை செடித் தொட்டிக்கு ஊற்றிக் கழுவிவிடுங்கள்.