சி.டிஃப் தொற்று மருத்துவமனைக்குள் பரவாமல் தடுப்பது எப்படி? வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

பெருங்குடலைத் தாக்கிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியோய்டிஸ் டிஃபிசில் என்னும் பாக்டீரியாவை மருத்துவமனைகளில் ‘சி.டிஃப்’ என்று சுருக்கமாகச் சொல்கிறோம். 2016 வரை குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்று எழுதப்பட்டதும் இதுவே. செவிலியர், பயிற்சி மருத்துவர், துப்புரவு மேற்பார்வையாளர், நோயாளியின் உறவினர் எனப் பலரும் அனுப்பிய கேள்விகளில், எல்லோருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

எங்கள் ஐசியுவில் ஒவ்வொரு கட்டிலருகிலும் ஹாண்ட்ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) வைத்திருக்கிறார்கள். ஆனால் சி.டிஃப் நோயாளி என்றால் சோப்பும் தண்ணீரும்தான் என்று வலியுறுத்துகிறார்கள். ஏன் இந்த வேறுபாடு? (செவிலியர்)

சி.டிஃப் ஆக்சிஜன் இல்லாத சூழலில் மட்டுமே வளரும். குடலை விட்டு வெளியே வந்தால் வளரும் நிலையிலுள்ள பாக்டீரியா விரைவில் மடிந்துவிடும். ஆனால் ஸ்போர் எனப்படும் வித்து நிலையில் வெளியேறுபவை பிழைத்துக்கொள்கின்றன. பல அடுக்கு உறைக்குள் உறங்கிக்கிடக்கும் இந்த வித்து, கட்டில் கம்பியிலும் சாப்பாட்டு மேசையிலும் கழிவறைக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. அதை ஆல்கஹாலால் கொல்ல முடியாது. ஹாண்ட்ரப் தேய்த்த கையில் வித்துகள் அப்படியே இருக்கும்.

சோப்பும் வித்தைக் கொல்வதில்லை என்பதைப் பலர் அறிவதில்லை. தேய்ப்பதால் வித்து தோலிலிருந்து பெயர்கிறது, ஓடும் தண்ணீர் அதை அடித்துச் செல்கிறது, அவ்வளவுதான். ஆகவே இங்கே தேய்ப்புதான் மருந்து. விரல் இடுக்கு, கட்டைவிரல், நக ஓரம் ஆகியவற்றை விட்டுவிட்டு உள்ளங்கையை மட்டும் நனைத்துக்கொண்டு வருவதில் பயனில்லை. எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் சில வித்துகள் தங்கிவிடலாம் என்பதால், கையில் படாமலே பார்த்துக்கொள்வது அதைவிட மேல். கையுறை முதல் அரணாக இருப்பது இதனால்தான். அறைக்குள் நுழையும் முன் கையுறையும் கவுனும் அணிந்து, வெளியேறும் முன் இரண்டையும் அறைக்குள்ளேயே கழற்றிப் போட்டுவிட்டுக் கை கழுவ வேண்டும். கழற்றும்போது கையுறையின் வெளிப்புறம் தோலில் படுவது வழக்கம் என்பதால், கையுறை போட்டிருந்தேன் என்று கழுவாமல் விடுவது ஆபத்தானது.

ஒரு வேண்டுகோள்: இதைக் காரணமாகக் காட்டி மற்ற நோயாளிகளின் கட்டிலருகிலிருந்து ஹாண்ட்ரப்பை எடுத்துவிடாதீர்கள். வேறு பல கிருமிகளுக்கு எதிராக அதுவே விரைவான, சிறந்த காவல்.

நிமோனியாவுக்காக என் அம்மாவைச் சேர்த்தோம். ஊசி மருந்து போட்ட ஆறாம் நாளிலிருந்து கடுமையான பேதி. சோதனையில் சி.டிஃப் என்று வந்தது. மருத்துவமனையின் அசுத்தத்தால் வந்ததுதானே, டாக்டர்? (மகள்)

உங்கள் கவலை நியாயமானது, ஆனால் அசுத்தம் ஒன்றே காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்த நோய் வர இரண்டு நிகழ்வுகள் வேண்டும்: வித்து வாய்வழியாக உள்ளே போக வேண்டும், அது முளைத்துப் பெருக இடம் கிடைக்க வேண்டும். நலமான பெருங்குடலில் கோடானுகோடி நல்ல பாக்டீரியாக்கள் அடர்ந்திருப்பதால் அந்த இடம் கிடைப்பதில்லை. ஆன்டிபயாடிக் மருந்து நோய்க்கிருமியோடு சேர்த்து அவற்றையும் அழிக்கும்போது சி.டிஃப் பெருகி, ஏ, பி என்ற இரண்டு நச்சுகளைச் சுரந்து குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. கிளிண்டமைசின், மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளோரோகுயினோலோன்கள், கார்பபீனெம்கள் ஆகியவற்றில் இந்த ஆபத்து அதிகம். மருந்தை நிறுத்திய பின்னும் ஏறத்தாழ 3 மாதங்கள் வரை ஆபத்து நீடிக்கும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு அது மேலும் கூடுதல்.

வித்து எங்கிருந்து வந்தது என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷைர் பகுதியில் 2007 முதல் 2011 வரை கண்டறியப்பட்ட நோயாளிகளின் கிருமிகளை முழு மரபணு வரிசை கொண்டு ஒப்பிட்டபோது, அவற்றில் 45 விழுக்காடு அதற்கு முன் அறியப்பட்ட எந்த நோயாளியின் கிருமியோடும் நெருங்கிய உறவு உடையதாக இல்லை. அறிகுறியில்லாமல் குடலில் சுமந்துகொண்டே மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பலர் என்பதை இது காட்டுகிறது. உங்கள் அம்மாவுக்கு நிமோனியா மருந்து தேவைப்பட்டிருக்கும், அதில் தவறில்லை. ஆனால் தேவையில்லாத சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஒவ்வோர் ஆன்டிபயாடிக் மாத்திரையும் இதே வாசலைத் திறந்து வைக்கிறது.

சி.டிஃப் நோயாளிக்குத் தனி அறை வேண்டும் என்கிறீர்கள். 40 கட்டில் உள்ள பொது வார்டில் எங்கே போவது? (பயிற்சி மருத்துவர்)

தனிக் கழிவறையுடன் கூடிய தனி அறையே முறை. இருக்கும் அறைகள் போதாதபோது, மலத்தை அடக்க முடியாத நோயாளிக்கு முன்னுரிமை கொடுங்கள். சுற்றுப்புறத்தில் அதிக வித்துகளைச் சிந்துகிறவர் அவர்தான். சோதனையில் சி.டிஃப் உறுதியான இருவரை ஒரே அறையில் சேர்த்து வைக்கலாம். ஆனால் காரணம் தெரியாத வயிற்றுப்போக்கு உள்ளவரை அவர்களோடு சேர்ப்பது அவருக்குச் செய்யும் தீங்காகும்.

அதுவும் இயலாவிட்டால், வார்டின் ஓரக் கட்டிலைக் கொடுத்து, அவருக்கென்று ஒரு பெட்பான் அல்லது கமோட் நாற்காலி, ரத்த அழுத்தக் கருவியின் பட்டை, ஸ்டெதஸ்கோப், தெர்மாமீட்டர் ஆகியவற்றை ஒதுக்கி, அருகிலேயே கை கழுவும் வசதி செய்யுங்கள். முடிவு வரும்வரை காத்திருக்காதீர்கள்; 24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போகிறது, அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்திருக்கிறார் என்றால் மாதிரியை அனுப்பும்போதே ஒதுக்கி வையுங்கள். பேதி நின்று குறைந்தது 48 மணி நேரம் ஆகும்வரை இந்த ஏற்பாடு தொடர வேண்டும்.

நம் மருத்துவமனைகளில் கூடுதலாக ஒருவரைக் கணக்கில் கொள்ள வேண்டும்: உடனிருந்து பார்த்துக்கொள்ளும் அட்டெண்டர். பெட்பான் வைப்பதும் துணி மாற்றுவதும் பெரும்பாலும் அவர்தான். அடுத்த கட்டில்காரருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பவரும் அவரே. செவிலியருக்கு ஆயிரம் சுற்றறிக்கை அனுப்பிவிட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் எல்லா ஏற்பாடும் வீண். கையுறை கொடுத்து, கழுவும் முறையைச் செய்து காட்டி, சோப்பு தீராமல் பார்த்துக்கொள்வது மருத்துவமனையின் கடமை.

தரையையும் கட்டிலையும் ஃபினாயில் போட்டுத்தான் துடைக்கிறோம். அது போதுமா? (துப்புரவு மேற்பார்வையாளர்)

போதாது. ஃபினாயிலும், நறுமணத்துடன் விற்கும் பெரும்பாலான தரைத் திரவங்களும், மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் குவாட்டர்னரி அமோனியம் கரைசல்களும் வித்தைக் கொல்வதில்லை. அவற்றில் நனைந்த ஒரே மாப்பைக் கட்டிலுக்குக் கட்டில் கொண்டுபோவது வித்தைப் பரப்பும் வேலையாகவே முடியும்.

தேவைப்படுவது குளோரின். இங்கிலாந்தின் வழிகாட்டுதல் குறைந்தது 1,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 1,000 பங்கு) என்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் 5,000 பிபிஎம் அளவைக் கையாள்கிறார்கள். 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் 20 மி.லி. எடுத்து 980 மி.லி. தண்ணீரில் கலந்தால் 1,000 பிபிஎம், 100 மி.லி. எடுத்து 900 மி.லி. தண்ணீரில் கலந்தால் 5,000 பிபிஎம். கேனின் மேல் 10 விழுக்காடு என்றிருந்தால் மருந்தின் அளவைப் பாதியாக்கி, மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி தண்ணீரைக் கூட்டுங்கள். ஒட்டுச்சீட்டைப் படிக்காமல் ‘ஒரு மூடி’ கணக்கில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

மலமும் அழுக்கும் குளோரினைச் செயலிழக்கச் செய்யும் என்பதால், முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுத்துவிட்டுப் பிறகே குளோரின் கரைசலைப் பூச வேண்டும். பூசியவுடன் உலர்ந்த துணியால் துடைத்துவிடாமல் 10 நிமிடம் பரப்பு ஈரமாக இருக்கும்படி விடுங்கள். கரைசலை அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டோடு இதை ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைத் தாக்கும். கலப்பவருக்குக் கையுறையும் கண்ணாடியும் காற்றோட்டமும் வேண்டும். துப்புரவுப் பணியாளரை இந்தப் பணியின் கடைசிக் கண்ணியாக நினைக்கிறவர்கள் உண்டு. அவர் செய்யும் வேலை மருந்துச் சீட்டுக்கு இணையானது; பயிற்சியும் ஊதியமும் அதற்கேற்ப இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கட்டில் கம்பி, அழைப்பு மணி, ஐவி ஸ்டாண்ட், மேசை, கமோட் இருக்கை, குழாய்த் திருகு ஆகியவை தரையைவிட முக்கியமானவை. கை படும் இடங்கள் அவையே.

புற ஊதாக் கதிர் இயந்திரம் வாங்கினால் இந்தச் சிரமம் தீருமா? (நிர்வாகி)

தீராது. நோயாளி வெளியேறிய பின், கையால் சுத்தம் செய்து முடித்த அறைக்குக் கூடுதல் காப்பாக அதைப் பயன்படுத்தலாம். அது அழுக்கை அகற்றாது. நிழல் விழும் இடத்தை எட்டாது. ஆள் இருக்கும் அறையில் இயக்கவும் கூடாது. அந்தப் பணத்தில் முதலில் கை கழுவும் தொட்டிகளையும் துப்புரவுப் பணியாளர் எண்ணிக்கையையும் கூட்டுங்கள்.

சிகிச்சை முடிந்து பேதி நின்றுவிட்டது. மறுபடியும் சோதித்து ‘நெகடிவ்’ வந்த பிறகுதான் தனிமையிலிருந்து விடுவிக்க வேண்டுமா? (செவிலியர்)

வேண்டாம். குணமான பின்னும் பல வாரங்கள் கிருமி மலத்தில் தென்படலாம். இறுகிய மலத்தைச் சோதிப்பதும், குணமானதை உறுதிசெய்யச் சோதிப்பதும் தவறான சிகிச்சைக்கே இட்டுச் செல்லும். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நோயில்லாமலே இக்கிருமி மிகச் சாதாரணமாகக் காணப்படுவதால், அவர்களுக்கும் வழக்கமாக இச்சோதனை செய்வதில்லை. நாடித்துடிப்பும் நீரிழப்பும் மலத்தின் தன்மையுமே வழிகாட்டிகள்.

தயிரும் புரோபயாட்டிக் மாத்திரையும் கொடுத்தால் வராமல் தடுக்கலாமா? (வாசகர்)

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன உள்நோயாளிகள் ஏறத்தாழ 3,000 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், புரோபயாட்டிக் பயன் தந்ததாகத் தெரியவில்லை. தயிர் சோறு சாப்பிடத் தடையில்லை. அதை நம்பிக் கை கழுவாமல் இருப்பதற்குத்தான் தடை.

இவ்வளவையும் செய்து எந்த நாடாவது இதைக் குறைத்திருக்கிறதா? (மருத்துவமனை நிர்வாகத்தில் பணிபுரியும் வாசகர்)

இங்கிலாந்து குறைத்திருக்கிறது. அதற்கு முன் பெரிய விலையும் கொடுத்திருக்கிறது. ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் 2003 அக்டோபருக்கும் 2005 ஜூனுக்கும் இடையே இரண்டு முறை பரவியபோது 334 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. குறைந்தது 33 பேர் அதனால் இறந்தனர். 2006இல் வெளியான விசாரணை அறிக்கை, நோயாளிகளைத் தனிமைப்படுத்துமாறு தொற்றுத் தடுப்புக் குழு கேட்டும், மேலாளர்கள் அவசரப் பிரிவின் காத்திருப்பு நேர இலக்குகளுக்கும் செலவுக் கணக்குக்கும் முதலிடம் கொடுத்ததைச் சுட்டிக்காட்டியது. அடுத்த ஆண்டே மெய்ட்ஸ்டோன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் பகுதி மருத்துவமனைகளைப் பற்றிய அறிக்கை வந்தது: ஏறத்தாழ 90 மரணங்களுக்கு இத்தொற்று உறுதியாகவோ பெரும்பாலும் உறுதியாகவோ காரணம் என்றது. நெருக்கமாகப் போடப்பட்ட கட்டில்கள், போதாத செவிலியர், படுக்கையிலேயே மலம் கழிக்கச் சொல்லப்பட்ட முதியவர்கள் என்று அதில் படித்ததெல்லாம் இன்றும் என்னை உலுக்குகின்றன.

அதன் பின் தொற்றுகளைக் கட்டாயமாக அறிவிப்பது தீவிரமடைந்தது; ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எண்ணிக்கை இலக்கு வந்தது; தனிமைப்படுத்தலும் துப்புரவும் இறுக்கமாயின; செஃபலோஸ்போரின், ஃப்ளோரோகுயினோலோன் மருந்துகளை எழுதுவது பெருமளவு குறைக்கப்பட்டது. 2007-08இல் 55,000க்கு மேல் இருந்த தொற்றுகள் 2013-14இல் 14,000க்குக் கீழே இறங்கின. இந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு எதற்கு என்று ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு தெளிவான ஒன்றைக் கண்டது: குறைந்தவை ஃப்ளோரோகுயினோலோனுக்குக் கட்டுப்படாத கிருமி வகைகளே, கட்டுப்படும் வகைகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. துப்புரவு மட்டுமே காரணமாயிருந்தால் இரு வகையும் சேர்ந்து குறைந்திருக்க வேண்டும். அதாவது, பெரும்பங்கு ஃப்ளோரோகுயினோலோன் மருந்தைக் குறைத்ததற்கே.

ஆகவே உங்கள் மருத்துவமனைக்கு என் ஆலோசனை இது. தொற்றுத் தடுப்புக் குழுவின் கூட்டத்தில் மருந்தகக் கணக்கையும் மேசைமேல் வையுங்கள். எந்த வார்டில் எந்த ஆன்டிபயாடிக் எத்தனை நாள் போடப்பட்டது, 48 மணி நேரத்தில் அது மீளாய்வு செய்யப்பட்டதா, அறுவைச் சிகிச்சைக்கு முன் கொடுத்த காப்பு மருந்து மறுநாளும் காரணமின்றித் தொடர்ந்ததா என்று மாதந்தோறும் பாருங்கள். நெஞ்செரிச்சலே இல்லாதவருக்குப் பழக்கத்தால் எழுதப்படும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல் வகை மாத்திரைகளையும் கூடவே பாருங்கள். அவற்றுக்கும் இத்தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

அப்பாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பகலில் ஹோம் நர்ஸ் வருவார். வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும்? (மகன்)

முடிந்தால் அவருக்கென்று ஒரு கழிவறையை ஒதுக்குங்கள். இயலாவிட்டால் அவர் பயன்படுத்தியதும் இருக்கை, ஃப்ளஷ் பொத்தான், குழாய், தாழ்ப்பாள் ஆகியவற்றை மேலே சொன்ன முறையில் குளோரின் கரைசலால் துடையுங்கள். மலம் பட்ட துணியை உதறாமல் தனியாக எடுத்து, துணி தாங்கும் அளவு சூடான தண்ணீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஹோம் நர்ஸ் வரும்போதும் கிளம்பும்போதும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அவர் அதே நாளில் வேறொரு முதியவரைப் பார்க்கப் போகிறவராக இருக்கலாம். உடல்நலமுள்ள குடும்பத்தினருக்கு ஆபத்து குறைவு. ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருப்பவர் வீட்டில் இருந்தால் அவர் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும்.

முதல் முறை தொற்று கண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு, பெரும்பாலும் சில வாரங்களுக்குள், அது திரும்ப வருகிறது. மறுபடி பேதி தொடங்கினால் நீங்களாகவே லோபரமைடு கொடுத்து நிறுத்தப் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அப்பாவுக்குப் பல் வலி என்று பல் மருத்துவரிடம் போனாலும் சரி, சிறுநீர் எரிச்சலுக்கு வேறு மருத்துவமனைக்குப் போனாலும் சரி, ‘இவருக்கு சி.டிஃப் வந்திருந்தது’ என்பதை அவர்கள் மருந்து எழுதும் முன்பே சொல்லிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.