புண்ணில் தேன் தடவினால் ஆறுமா? வீட்டுத் தேனே போதுமா?

தேன் தோல் செல்களைக் காக்கும், புண்ணைச் சீக்கிரம் ஆற்றும் என்கிறார்களே, சமையலறைத் தேனையே தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டிரெஸ்ஸிங் அறையில் வேலை பார்க்கும் நர்ஸ் நான். இதைக் கேட்காத நோயாளி குறைவு. சில புண்களுக்குத் தேன் நிஜமாகவே நல்லது. ஆனால் அலமாரியில் இருக்கிற பாட்டில் வேண்டாம்.

தேனில் ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. தண்ணீர் 20 சதவீதத்துக்கும் கீழே. அந்தப் பாகில் கிருமி பிழைக்க நீர் கிடைக்காது. போதாததற்கு அமிலத்தன்மை வேறு. இதைவிட எனக்குப் பிடித்தது தேனீ சேர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. கெட்டித் தேனில் அது சும்மா கிடக்கும். புண்ணில் கசியும் நீர் பட்டுத் தேன் இளகியதும், ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும். புண்ணில் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அதே மருந்துதான். பாட்டிலிலிருந்து ஊற்றினால் புதிதாக வளரும் செல்லையும் அது சேர்த்துக் கெடுக்கும். தேனில் உண்டாகும் அளவு மிகக் குறைவு என்பதால் அந்த ஆபத்தும் குறைவு. நியூசிலாந்தின் மனுகா தேனில் இதோடு மெத்தில்கிளையாக்சால் என்ற பொருளும் நிறைய உண்டு. அதன் விலை ஏறியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம், தேன் போட்ட புண் காயாது. ஈரமான பரப்பில் தோல் செல்கள் எளிதாக நகர்ந்து வந்து மூடும். கட்டுப் பிரிக்கும்போது காஸ் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டு வராது. வலி தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆதாரம் என்ன என்றால், 1991-இல் மகாராஷ்டிராவில் டாக்டர் சுப்ரமண்யம் 104 தீக்காய நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேனும் மறுபாதிக்கு தீக்காயத்துக்கு வழக்கமாகப் போடும் சில்வர் சல்ஃபாடயசின் என்ற வெள்ளைக் களிம்பும் போட்டுப் பார்த்தார். தேன் பக்கம் ஏழே நாளில் பத்தில் ஒன்பது புண்களில் கிருமி இல்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2015-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும், ஆழமில்லாத தீப்புண் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் நாலைந்து நாள் முன்னதாக ஆறுகிறது என்கிறது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: டாக்டர் சுப்ரமண்யம் ஒப்பிட்ட அந்த வெள்ளைக் களிம்பே புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்று இப்போது தெரியும். அதோடு ஒப்பிட்டால் தேன் ஜெயிப்பதில் ஆச்சரியம் குறைவு. காலில் வெரிகோஸ் புண் உள்ளவர்களுக்குத் தேன் பெரிதாக உதவவில்லை. நியூசிலாந்தில் 368 பேரிடம் பார்த்தார்கள். வித்தியாசம் சொல்லும்படி இல்லை, வலிதான் கூடியது.

செல்களைக் காக்கும் என்கிற பேச்சு பெரும்பாலும் ஆய்வகத்திலிருந்து வருவது. மலேசியாவின் துவாலாங் தேனை எலியின் தோல் செல்களில் சேர்த்துப் புற ஊதாக் கதிரைக் காட்டினார்கள். அழற்சியும் டிஎன்ஏ சேதமும் குறைந்தன. நல்ல செய்திதான். அதற்காக முகத்தில் தேன் பூசிக்கொண்டு வெயிலில் நிற்க முடியுமா?

கடைத் தேன் ஏன் கூடாது? அதில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகளின் வித்துகள் இருக்கலாம். கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடும். அதனால்தான் புண்ணுக்கென்றே தயாரிக்கும் மருத்துவத் தேனைக் காமா கதிரால் சுத்திகரிக்கிறார்கள். நம் ஊரில் கலப்படம் தனிக் கதை: சர்க்கரைப் பாகையே தேன் என்று விற்றால் அதில் எந்த நொதி இருக்கும்? மார்த்தாண்டத்திலிருந்து நேராக வாங்கிய சுத்தமான தேன் என்றாலும் அது சாப்பிடத்தான்.

"சுகர் புண்ணில் தேன் போட்டால் சுகர் ஏறாதா சிஸ்டர்?" என்பார்கள். என் கவலை அதுவல்ல. மரத்துப்போன காலில், ரத்த ஓட்டம் குறைந்த இடத்தில், தேனை நம்பி வீட்டிலேயே நாள் கடத்துவதுதான் ஆபத்து. அந்தப் புண்ணை டாக்டர் பார்க்கட்டும்.

கையில் சின்னதாகச் சுட்டுக்கொண்டால் முதலில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பிறகு மருந்துக் கடையில் மருத்துவத் தேன் கிடைத்தால் மெல்லிசாகத் தடவி மேலே கட்டுப் போடலாம். முகம், மூட்டு, குழந்தை என்றால் நேராக ஆஸ்பத்திரிதான். தேனீ ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே வேண்டாம். தடவியதும் சுரீரென்று எரியும், அமிலம் இல்லையா. சற்று நேரத்தில் அடங்காவிட்டால் சலைனில் கழுவிவிடுங்கள்.