பைபிள் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எழுதுகிறவர், வேதத்தில் இல்லாத காட்சிகளையும் வசனங்களையும் எவ்வளவு சேர்க்கலாம்?

எவ்வளவு வேண்டுமானாலும் சேருங்கள். வேதம் குற்றம் சொல்லாத ஒருவர்மேல் மட்டும் குற்றத்தைச் சேர்க்காதீர்கள். இவ்வளவுதான் என் பதில். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்காகத்தான் மீதியை எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களுக்குள் நான்கைந்து பகுதி எழுதித் தரும்படி ஏதோ ஓர் அலைவரிசையில் சொல்லியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். பணம் குறைவாக இருக்கும். இயக்குநர் ஒரு பக்கம் இழுப்பார், போதகர் மறுபக்கம் இழுப்பார். நானும் அப்படித்தான் உள்ளே போனேன். பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவன் நான். எங்கள் சபைக்கு இருபது ஆண்டுகளாகக் கிறிஸ்துமஸ் நாடகம் எழுதியிருக்கிறேன். 2012இல் ரூத்தின் கதையை அரை மணி நேரப் பகுதிகளாக நான்கு எழுதித் தரச் சொன்னார்கள்.

சேர்க்காமல் எழுத முடியாது என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். ரூத் புத்தகம் மொத்தமே நான்கு அதிகாரம், 85 வசனம். முதல் ஐந்து வசனங்களுக்குள் பெத்லகேமில் பஞ்சம் வருகிறது, எலிமெலேக்கு மனைவி நகோமியோடும் இரண்டு மகன்களோடும் அண்டை நாடான மோவாபுக்குப் போகிறான், இறந்துபோகிறான், மகன்களுக்கு ஓர்பாள், ரூத் என்று அந்த ஊரிலேயே பெண் எடுக்கிறார்கள், பத்து வருடம் ஓடுகிறது, மகன்கள் மக்லோனும் கிலியோனும் இறந்துபோகிறார்கள். பத்து வருடக் குடும்ப வாழ்க்கையில் ஒரு வார்த்தைகூட நமக்குக் கொடுக்கப்படவில்லை. 1960இல் ஹாலிவுட்டில் இந்தக் கதையைப் படமாக்கியவர்கள் ரூத்தை மோவாபியரின் தெய்வமான கேமோஷ் கோவிலின் பூசாரியாகவே ஆக்கிவிட்டார்கள். வேதத்தில் அதற்கு ஒரு சொல் ஆதாரம் கிடையாது. எனக்கு அதில் வருத்தமும் கிடையாது. வெற்றிடத்தை எதையாவது வைத்து நிரப்பித்தான் ஆக வேண்டும். பிரேசிலில் 2015இல் மோசேயின் கதையை 150க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓட்டினார்களே, யாத்திராகமத்தை அப்படியே வாசித்தா ஓட்டினார்கள்? இயேசுவின் கதையைச் சொல்லும் 'தி சோசன்' தொடரில் முதல் பகுதி தொடங்கும்போதே, பின்கதைகளும் சில பாத்திரங்களும் உரையாடல்களும் சேர்க்கப்பட்டவை என்று எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். நேர்மையான வழி. நீங்களும் அப்படியே போட்டுவிடுங்கள்.

பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்துகொண்டு, கூட்டக்கூடாது குறைக்கக்கூடாது என்று சிலர் வருவார்கள். அந்த எச்சரிக்கை வேதப் பிரதியைத் திருத்துகிறவர்களுக்கு. இயேசு சொன்ன உவமையில் கெட்ட குமாரனின் தகப்பன் ஓடியபோது அவன் மேலாடை எப்படிப் பறந்தது, வேலைக்காரர்கள் எப்படி வாய்பிளந்து நின்றார்கள் என்று பிரசங்கத்தில் விவரிக்கும் போதகரும் கூட்டித்தான் சொல்கிறார். அவரை யாரும் தடுப்பதில்லை. நான் பக்தியில்லாதவன் என்று இதைப் படித்துவிட்டு யாரும் முடிவுகட்ட வேண்டாம். வேதத்தை வாசித்து வாசித்தே தமிழ் கற்றவன் நான்.

இனி எங்கள் படப்பிடிப்பு. பங்குனி மாதம், அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பிசானப் பருவ நெல் அறுப்பு நேரம். ரூத் கதிர் பொறுக்கின பெத்லகேமில் வாற்கோதுமை அறுப்பும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். கையால் அறுக்கிற வயல் கிடைப்பதே பெரும்பாடாகிவிட்டது. எல்லா வயலிலும் இயந்திரம் இறங்கிவிட்டது. ஒரு பெரியவர் ஐந்து மரக்கால் விதைப்பாட்டை, அதாவது அவ்வளவு நெல் விதைக்கிற நிலத்தை மட்டும் எங்களுக்காக அறுக்காமல் வைத்திருந்தார். வாற்கோதுமைக் கதிர் நீண்ட தாடியோடு இருக்கும். நெற்கதிர் தலைகவிழ்ந்து தொங்கும். அதனால் கதிரை அருகில் காட்டவே கூடாது என்று கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தேன். ஆனாலும் ரூத்தின் கால் விரல்களுக்கிடையே வயல் சேறு ஒட்டியிருப்பதை இன்றைக்கும் அந்தப் பகுதியில் பார்க்கலாம். யூதேய மலைச் சரிவில் அறுப்புக் காலத்தில் ஏது சேறு?

அறுக்கிற பெண்களாக உண்மையான அறுப்புக்காரப் பெண்களையே கூலிக்கு அமர்த்தியிருந்தோம். ரூத்தாக நடித்த பெண் கதிரைப் பூங்கொத்துப் போலப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, பொறுக்க முடியாமல் வந்து அவள் கையிலிருந்து அதை வாங்கினார். வலது கை பொறுக்க வேண்டும். இடது கைக்குள் கதிர்த் தலைகள் ஒன்றாகச் சேர வேண்டும். பிடி நிறைந்ததும் ஒரு தாளை முறுக்கிக் கட்டி மடியில் போட வேண்டும். நாலு விநாடியில் ஒரு பிடியைக் கட்டிக் காட்டினார். பிறகு சொன்னார்: "கதிர் பொறுக்குகிறவள் நிமிர்ந்து நிற்க மாட்டாள் அம்மா. நிமிர்ந்தால் அடுத்தவள் முந்திவிடுவாள்."

அவரிடம் ரூத் புத்தகத்தின் இரண்டாம் அதிகாரத்தை, மாமியோடு பெத்லகேமுக்கு வந்த ரூத் பிழைப்புக்காகக் கதிர் பொறுக்குவதைச் சொன்னேன். அறுப்பின்போது வயலோரத்தையும் சிந்தின கதிரையும் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிட வேண்டும் என்று லேவியராகமம் சொல்கிறது. வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் அதற்கும் மேலே ஒரு படி போய், அரிக்கட்டிலிருந்தே வேண்டுமென்று சிலவற்றை அவளுக்காகச் சிந்தவிடச் சொல்கிறான் என்றேன். பாட்டிக்கு அதில் ஆச்சரியமே இல்லை. "சில வீட்டுக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பார்த்துக்கொண்டே நின்றால் எடுக்கிறவளுக்கு வெட்கமாக இருக்கும்."

அன்று மத்தியானமே காட்சியை மாற்றினேன். போவாஸ் வேலைக்காரர்களிடம் மெதுவாகச் சொல்கிறான். சொல்லிவிட்டு வயலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்கிறான். வேதத்தில் போவாஸ் முகத்தைத் திருப்பினான் என்று இல்லை. ஆனால் அதைப் பார்க்கிறவர்களுக்குப் போவாஸ் யார் என்று புரிகிறது. சேர்ப்பதென்றால் இப்படிச் சேருங்கள்.

மொழியிலும் சிக்கல் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் ரூத் மாமியாரை 'நீர்', 'உம்மை' என்று அழைக்கிறாள். காதால் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது தேன். திரையில் ஒரு மருமகள் மாமியாரை 'நீர்' என்றால் ராஜா ராணி நாடகமாகிவிடும். 'நீங்கள்' என்று மாற்றினேன். 'மாமி' என்ற சொல்லை மட்டும் விடவில்லை. தென்மாவட்டங்களில் இன்றைக்கும் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். சென்னைக்காரர்களுக்கு அந்தச் சொல் வேறு அர்த்தம் தரும், 'அத்தை' என்று வையுங்கள் என்றார் இயக்குநர். அதில் தோற்றேன். போகட்டும்.

இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரூத்தாக நடிக்க வந்த பெண்ணைச் சிவப்பு நிறத்துக்காகவே தேர்ந்தெடுத்தார்கள். வெயிலில் காலை முதல் சாயங்காலம் வரை கதிர் பொறுக்கினவள் வேதத்தின் ரூத். எங்கள் சபை நாடகத்திலும் இதே கதைதான். மரியாள் வேடத்துக்கு ஒவ்வொரு வருடமும் சிவப்பான பிள்ளையைத்தான் நிறுத்துவார்கள். நன்றாகப் பாடுகிற, வசனத்தைப் பிசகாமல் சொல்கிற கறுத்த பிள்ளைகள் இருபது வருடமும் மேய்ப்பர்களாகவும் ஆட்டுக்குட்டிகளாகவும் நின்றார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் நான்கு வருடம் தொடர்ந்து ஆட்டுக்குட்டி. நான் எழுத்தாளன் மட்டும்தான், பாத்திரத் தேர்வு கமிட்டியின் வேலை என்றார்கள். அப்போது நான் இன்னும் சத்தமாகப் பேசியிருக்க வேண்டும்.

இப்போது ஓர்பாளுக்கு வருகிறேன். இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான்.

நகோமி வெறுங்கையாய் ஊருக்குத் திரும்புகிறாள். வழியில் இரண்டு மருமகள்களையும் நிறுத்தி, உங்கள் தாய்வீட்டுக்குத் திரும்பிப்போங்கள் என்கிறாள். இறந்தவர்களுக்கும் எனக்கும் தயை செய்தீர்கள் என்று இருவரையும் சேர்த்தே ஆசீர்வதிக்கிறாள். மறுபடியும் மறுபடியும் போகச் சொல்கிறாள். கடைசியில், "ஓர்பாள் தன் மாமியை முத்தமிட்டுப்போனாள், ரூத்தோ அவளை விடாமல் பற்றிக்கொண்டாள்." அவ்வளவுதான். ஓர்பாளைப் பற்றி ஒரு கடுஞ்சொல் கிடையாது. தன் ஜனங்களிடமும் தன் தேவர்களிடமும் திரும்பிப்போனாளே என்று சிலர் கேட்பீர்கள். அதைச் சொல்வது நகோமி. அதையும் ரூத்தை அதே வழியில் அனுப்பிவைப்பதற்காகவே சொல்கிறாள்.

அவளைக் கெட்டவளாக்கும் வேலையைத் தொலைக்காட்சி தொடங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பழைய யூத மரபுரைகளே அவளை, தாவீதோடு மோதிய கோலியாத்தின் குலத்துக்குத் தாயாக்கியிருக்கின்றன. ஒருவரை நல்லவராக்க இன்னொருவரைக் கெட்டவராக்குவது பெரிய இயக்குநர்களையும் விடவில்லை. 1977இல் வந்த ஜெஃபிரெல்லியின் 'ஜீசஸ் ஆஃப் நாசரேத்' நான் மிகவும் மதிக்கிற தொடர். அதிலும் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் பழியைக் குறைப்பதற்காக சேரா என்று ஒரு வேதபாரகரை உண்டாக்கி, சூழ்ச்சியை அவன் தலையில் கட்டினார்கள். நான்கு சுவிசேஷத்திலும் அப்படி ஒருவன் இல்லை.

என் அக்கா 26 வயதில் விதவையானாள். மோட்டார் சைக்கிள் விபத்து. அவள் மாமியாருக்கு அந்த ஒரே மகன். கல்லறைக்குப் போய்வந்த நாற்பதாம் நாள், அந்த அம்மாவே அக்காவின் பெட்டியை எடுத்து வாசலில் வைத்து, "நீ போய்விடு மகளே, உன் வயதுக்கு என் வீட்டில் என்ன இருக்கிறது" என்று அழுதிருக்கிறார். அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். மூன்று வருடம் கழித்து மறுமணம் நடந்தது. அந்த மாமியாரும் வந்து ஆசீர்வதித்தார். அவர் சாகும்வரை கிறிஸ்துமஸுக்கு அக்கா சேலை எடுத்துக்கொண்டு போவாள். இவ்வளவுக்கும் சபையில் "கிழவியைத் தனியே விட்டுவிட்டு வந்தவள்" என்ற பேச்சு நிற்கவில்லை. பெண்கள் கூட்டத்தில் ரூத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "நம்மிலும் ஓர்பாள்கள் உண்டு" என்று யாராவது முடிப்பார்கள். அக்கா பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

ஓர்பாள் காட்சியை அவளுக்காகத்தான் எழுதினேன். அவளிடம் சொல்லவில்லை. திரையில் பார்க்கட்டும் என்று இருந்தேன்.

ஒளிபரப்பான இரவு அம்மா, அக்கா, அத்தான், அவர்களுடைய ஏழு வயது மகள் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். அந்தக் காட்சி வந்தது. ஓர்பாள் உதட்டைச் சுழித்து, "இந்தக் கிழவியோடு போய்ப் பட்டினி கிடக்க எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள். வளையலைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி நடந்தாள். பின்னணியில் அபஸ்வரமாக ஒரு இசை. நான் எழுதியதில் ஒரு வரிகூட இல்லை. குழந்தை தன் அம்மாவின் முகத்தைப் பார்த்து, "இவள் கெட்டவளா அம்மா?" என்று கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. விளம்பரம் வந்ததும் என்னிடம், "இதை நீதான் எழுதினாயா?" என்றாள். மாற்றிவிட்டார்கள் அக்கா என்றேன். "உன் பெயர்தானே போட்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் தோசை வார்க்க எழுந்துபோனாள்.

மறுநாள் இயக்குநரிடம் தொலைபேசியில் சண்டை போட்டேன். ரூத் நல்லவள் என்று மக்களுக்குத் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் ஒருத்தி கெட்டவளாக நிற்க வேண்டும், தொலைக்காட்சி இலக்கணம் அது என்றார். கெட்ட எண்ணத்தோடு அவர் செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதையையே அவர் கீழே இறக்கிவிட்டார். போகச் சொன்னார்கள், ஓர்பாள் போனாள், அது நியாயம். ரூத் அந்த நியாயத்தைத் தாண்டினாள். ஓர்பாளைத் துரோகியாக்கினால், துரோகம் செய்யாமல் இருந்தவள் என்ற அளவுக்கு ரூத் சுருங்கிவிடுகிறாள். மோவாபியருக்கு இஸ்ரவேலரின் சபையில் இடமில்லை என்று உபாகமம் சொல்லியிருக்க, ஒரு மோவாபியப் பெண் தாவீது ராஜாவுக்குக் கொள்ளுப்பாட்டியான கதை இது.

ஆகையால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்முன், எழுதியதை மாற்றினால் உங்களிடம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் உங்கள் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை.

அந்தக் காட்சியை என் நோட்டில் இருக்கிறபடியே கீழே தருகிறேன். உங்கள் தொடர் ரூத்தைப் பற்றியதாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், என் பெயர் வேண்டாம்.

காட்சி 7. வெளி. மோவாபிலிருந்து இறங்கும் மண்பாதை. காலை.

மூன்று பெண்களும் அழுது ஓய்ந்திருக்கிறார்கள். ஓர்பாள் நகோமியை முத்தமிடுகிறாள். வசனம் இல்லை. தன் தோளில் கிடந்த தண்ணீர்த் துருத்தியைக் கழற்றி ரூத்தின் தோளில் மாட்டுகிறாள். வார் முறுக்கியிருக்கிறது, அதை நேராக்கிவிடுகிறாள். திரும்பி நடக்கிறாள். கேமரா அவளோடு போகிறது. கொஞ்ச தூரம் போனபின் நின்று பார்க்கிறாள். பாதையின் மறுமுனையில் இரண்டு உருவங்கள் சிறிதாகத் தெரிகின்றன. அவை வளைவில் மறையும்வரை அவள் அங்கேயே நிற்கிறாள்.