டம்பெல் புல்ஓவர்: செய்யலாம், ஆனால் ரோவுக்கு அப்புறம்
வீட்டில் ஒரே ஒரு 15 கிலோ டம்பெல்தான், புல்-அப் கம்பி இல்லை, புல்ஓவர் (மல்லாந்து படுத்து எடையைத் தலைக்குப் பின்னால் இறக்கி மேலே கொண்டுவருவது) செய்தால் முதுகு விரியுமா என்று கேட்டிருந்தீர்கள். ஓரளவுக்கு. 2011-இல் வந்த ஓர் ஆய்வில் பார்பெல் புல்ஓவரின்போது தசைகளின் மின்செயல்பாட்டை அளந்ததில், முதுகின் லாட்ஸைவிட (அக்குளுக்குக் கீழே இருபுறமும் விரிந்திருக்கும் பெரிய தசைகள்) நெஞ்சுதான் அதிகம் வேலை செய்தது. அப்புறம், எடை தலைக்குப் பின்னால் இறங்கும்போதுதான் பாரம் முழுசாக விழும், தோளுக்கு நேர் மேலே வந்துவிட்டால் சும்மா தாங்கிக்கொண்டிருப்பதுதான், அதனால் அதுவரை கொண்டுவராமல் சற்று முன்பே திரும்ப இறக்குங்கள்.

முதுகுக்கு ஒற்றைக் கை ரோவை (குனிந்து நின்று டம்பெல்லை இடுப்பை நோக்கி இழுப்பது) முதலில் முடியுங்கள். புல்ஓவர் கடைசியில் மூன்று செட் போதும். தோளில் சுருக்கென்றால் ஆழத்தைக் குறையுங்கள். விலாக்கூடு விரியும் என்பதெல்லாம் அர்னால்ட் காலத்துப் பேச்சு. தட்டு மாற்றுகிற டம்பெல் என்றால் பூட்டு இறுகியிருக்கிறதா பாருங்கள், கழன்றால் நேராக மூஞ்சியில்தான்.